எண்ணை மட்டும் அச்சிட்டால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின்வாகன ஆராய்ச்சி பற்றி நாளிதழ்களில் வரும் செய்திகளுக்கு ஏறக்குறைய ஒரே உருவம்தான். ஒரு பேராசிரியர், ஆய்வகத்தில் எடுத்த படம், தலைப்பில் ஓர் எண். ‘பத்தே நிமிடத்தில் சார்ஜ்’, ‘98 சதவீதச் செயல்திறன்’, ‘ஒரு சார்ஜில் 500 கிலோமீட்டர்’. அந்த எண்ணில் பெரும்பாலும் பொய் இருக்காது. ஆய்வுக் கட்டுரையில் அதன் பக்கத்திலேயே, எந்த வெப்பநிலையில், எத்தனை விநாடிக்கு, எங்கிருந்து எதுவரை அளந்தது என்று எழுதியிருப்பார்கள். செய்தியாகும்போது எண் மட்டும் தங்கி நிபந்தனை உதிர்ந்துவிடுகிறது. நிபந்தனை இல்லாத எண்ணை வைத்துக்கொண்டு வண்டி வாங்கவும் முடியாது, ஒரு பேருந்துப் பணிமனைக்கு எத்தனை சார்ஜர் தேவை என்று கணக்குப் போடவும் முடியாது. மின்னாற்றலும் மோட்டார்களும் கற்பிக்கிறவர்கள் என்ற முறையில், எந்த எண்ணுக்கு எந்த நிபந்தனையைக் கேட்க வேண்டும், கேட்காவிட்டால் எது தவறும் என்பதை உங்கள் செய்தியாளர்களுக்கும் வாசகர்களுக்குமாகச் சேர்த்து எழுதுகிறோம். இடம் போதாது என்றால் ‘உலகிலேயே முதன்முறையாக’ என்பதை நீக்கிவிடலாம். பாதி நிபந்தனை அந்த இடத்திலேயே அடங்கிவிடும்.

அதிகம் அடிபடுவது வேக சார்ஜ். அதிலிருந்தே தொடங்கலாம். 60 யூனிட் (ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட்-மணி) கொள்ளும் ஒரு கார் பேட்டரியை 10 சதவீதத்திலிருந்து 80 சதவீதத்துக்கு ஏற்ற 42 யூனிட் வேண்டும். அதைப் பத்து நிமிடத்தில் ஏற்றினால் சராசரி 252 கிலோவாட். பேட்டரி 400 வோல்ட் என்றால் மின்னோட்டம் 630 ஆம்பியர். 800 வோல்ட் என்றால் 315 ஆம்பியர். கம்பியும் தொடுமுனைகளும் சேர்ந்து ஒரு மில்லி ஓம் மின்தடை இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். 630 ஆம்பியரில் அங்கே 400 வாட் வெப்பம் பிறக்கும். 315 ஆம்பியரில் 100 வாட்தான். 2019இல் வந்த போர்ஷே டைகான் 800 வோல்ட்டுக்குப் போனதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இங்கே ஒரு தவறான எண்ணம் அடிக்கடி அச்சில் வருகிறது. 800 வோல்ட் ஆக்கினால் பேட்டரியே சூடாகாது என்பது அது. சூடு குறைவது கேபிளிலும் தொடுமுனையிலும்தான், செல்களுக்குள் குறைவதில்லை. அதே செல்களை எடுத்து, தொடரில் இருப்பவற்றை இரட்டிப்பாக்கி, பக்கவாட்டில் இருப்பவற்றைப் பாதியாக்கினால் பேட்டரியின் மின்தடை நான்கு மடங்காகும், மின்னோட்டம் பாதியாகும். மின்னோட்டத்தின் வர்க்கம் நான்கில் ஒன்றாகிவிடுவதால் இரண்டும் ஈடாகிப்போகும். 800 வோல்ட் பேக்கின் மின்தடை 100 மில்லி ஓம், அதே செல்களில் கட்டிய 400 வோல்ட் பேக்கினுடையது 25 மில்லி ஓம் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டிலும் 10 கிலோவாட் வெப்பம்தான் வரும். அந்தப் பத்து கிலோவாட்டை வெளியே எடுக்கக் குளிர்விக்கும் தட்டு, பம்பு, ரேடியேட்டர் எல்லாம் வேண்டும். வண்டி நின்றுகொண்டிருக்கும்போது எதிர்க்காற்றும் இல்லை என்பதால் விசிறியும் கம்ப்ரஸரும் முழு மூச்சில் ஓடும். அதற்கான மின்சாரமும் அதே சார்ஜரிலிருந்துதான் போகிறது.

சார்ஜர் பெட்டியில் ‘350 கிலோவாட்’ என்று எழுதியிருந்தாலும் எல்லா வண்டிக்கும் அது கிடைக்காது. பரவலாக இருக்கும் சி.சி.எஸ். வகைத் துப்பாக்கியில் (வண்டியில் செருகும் கேபிள் முனை), திரவத்தால் குளிர்விக்கும் கேபிள் இருந்தால் பொதுவாக 500 ஆம்பியர் எல்லை. குளிர்விக்காத கேபிளில் 200 ஆம்பியர் சுற்றளவுதான். 400 வோல்ட் வண்டி 500 ஆம்பியர் இழுத்தால்கூட 200 கிலோவாட்டைத் தாண்டாது. தொடுமுனையில் வெப்ப உணரி இருக்கும். 90 டிகிரியை நெருங்கினால் சார்ஜர் தானே மின்னோட்டத்தைக் குறைத்துவிடும். ஒரே சார்ஜரில் காலையில் வேகமாகவும் மதியம் மெதுவாகவும் ஏறினால் பேட்டரியைச் சந்தேகிக்கும் முன்பு, துப்பாக்கியின் தொடுமுனைகள் தேய்ந்திருக்கின்றனவா, அழுக்கேறியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

எண்பது சதவீதத்தில் ஏன் நிறுத்திக்கொள்கிறார்கள்? லித்தியம் அயனி செல் ஒன்றுக்கு உச்ச வோல்ட்டேஜ் உண்டு: நிக்கல், கோபால்ட் வகைகளுக்கு 4.2 வோல்ட், இரும்பு பாஸ்பேட் வகைக்கு 3.65 வோல்ட். அந்த உச்சத்தைத் தொட்ட பிறகு வோல்ட்டேஜைப் பிடித்து வைத்துக்கொண்டு மின்னோட்டத்தைப் படிப்படியாக இறக்கத்தான் வேண்டும். அதனால் கடைசி 20 சதவீதம், முதல் 70 சதவீதம் எடுத்துக்கொண்ட அளவு நேரத்தைச் சில வண்டிகளில் எடுத்துக்கொள்ளும். ‘பத்து நிமிடம்’ என்றால் எத்தனையிலிருந்து எத்தனைக்கு என்பது முதல் கேள்வி.

அதைவிட முக்கியமானது செல்லின் உள்ளே நடப்பது. எதிர்முனையில் உள்ள கிராஃபைட் தாள்களுக்கு இடையே லித்தியம் அயனி நுழைய நேரம் வேண்டும். நுழையும் வேகத்தைவிட வந்து சேரும் வேகம் அதிகமானால், உள்ளே போக இடம் கிடைக்காத லித்தியம் கிராஃபைட்டின் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படியும். படிந்ததில் ஒரு பகுதி மீண்டும் கரையாது. பேட்டரியின் கொள்ளளவில் அவ்வளவும் நிரந்தர நஷ்டம். ஊசிபோல் வளர்ந்து நடுவிலுள்ள மெல்லிய பிரிப்பானைத் துளைத்தால் உள்ளேயே ஷார்ட் ஆகும். குளிரில் அயனி மெதுவாக நகரும் என்பதால் உறைநிலைக்குக் கீழே இந்த ஆபத்து பல மடங்கு. அதனால்தான் வேக சார்ஜுக்கு முன்பு பேட்டரியைச் சூடாக்கிக்கொள்கிறார்கள். சோதனையை எத்தனை டிகிரியில் தொடங்கினார்கள், சூடாக்க எடுத்த நேரமும் அந்தப் பத்து நிமிடத்தில் சேர்த்தியா என்று கேட்காமல் எண்ணை வாங்கக் கூடாது.

ஆய்வகச் செல்லில் வேறொரு சூட்சுமம் உண்டு. மின்முனையின் பூச்சை மெல்லிதாகப் பூசினால் அயனி கடக்க வேண்டிய தூரம் குறையும், இன்னும் வேகமாக ஏற்றலாம். ஆனால் பூச்சு மெலிந்தால் அதே ஆற்றலுக்குத் தாமிரத் தகடும் அலுமினியத் தகடும் பிரிப்பானும் அதிகம் தேவைப்படும். பேட்டரியின் எடையும் விலையும் ஏறும். நெடுந்தூரக் காருக்கான செல்களில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 3 முதல் 4 மில்லி ஆம்பியர்-மணி அளவுக்குப் பூச்சு இருக்கும். நாணய அளவுச் செல்லில் 1 மில்லி ஆம்பியர்-மணிப் பூச்சைப் பூசி ஐந்து நிமிடத்தில் ஏற்றிக் காட்டுவது பெரிய காரியமில்லை. பூச்சின் அளவு, அந்த வேகத்திலேயே எத்தனை முறை ஏற்றி இறக்கிய பிறகு கொள்ளளவு 80 சதவீதத்துக்கு இறங்கியது, சோதித்தது ஒற்றைச் செல்லா முழுப் பேக்கா ஆகிய மூன்றும் தெரிந்தால் செய்தி நம்பத்தக்கதாகிவிடும்.

அடுத்தது செயல்திறன். பேட்டரியின் நேர்மின்சாரத்தை மோட்டாருக்கான மாறுமின்சாரமாக மாற்றும் பெட்டிதான் இன்வெர்ட்டர். ‘98 சதவீத இன்வெர்ட்டர்’ என்றால் ஒரு குறிப்பிட்ட வேகத்தில், ஒரு குறிப்பிட்ட முறுக்குவிசையில், வரைபடத்தின் மிகச் சிறந்த புள்ளியில் எடுத்த அளவு அது. நகரத்துக்குள் ஊர்ந்து போகும் வண்டி தன் உச்சத் திறனில் பத்திலொரு பங்கைக்கூட அதிகம் பயன்படுத்துவதில்லை. அங்கே கதை வேறு. மேலும் மின்சாரம் சுவரிலிருந்து சக்கரத்துக்குப் போக நான்கு படிகள்: வண்டியிலுள்ள சார்ஜர் 94 சதவீதம், பேட்டரியில் போட்டு எடுப்பது 96, இன்வெர்ட்டர் 98, மோட்டாரும் கியரும் சேர்ந்து ஒரு பயணச் சராசரியில் 92 என்று வைத்தால் பெருக்குத்தொகை 81 சதவீதம். ஒவ்வொன்றும் தொண்ணூறுக்கு மேல். சேர்ந்தால் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போகிறது. மின்கட்டணம் சுவரில் அளக்கிறது, வண்டியின் திரை பேட்டரியில் அளக்கிறது. இரண்டும் பொருந்தவில்லை என்று வரும் புகார்களில் பெரும்பகுதிக்கு விடை இதுதான்.

ஒரு சதவீதம் முன்னேறியதற்கு இத்தனை ஆரவாரமா என்று கேட்பவர்களும் உண்டு. அவர்கள் இழப்பின் பக்கமிருந்து பார்க்க வேண்டும். 100 கிலோவாட் இன்வெர்ட்டர் 98இலிருந்து 99க்கு உயர்ந்தால் வெப்பம் 2 கிலோவாட்டிலிருந்து 1 கிலோவாட்டாகப் பாதியாகிறது. குளிர்விக்கும் ஏற்பாட்டையும் அந்த அளவுக்குச் சிறிதாக்கலாம். ஆய்வாளர்கள் ஒரு சதவீதத்துக்காக ஆண்டுக்கணக்கில் மெனக்கெடுவதில் நியாயம் இருக்கிறது.

அந்த ஒரு சதவீதத்தைப் பெரும்பாலும் தந்தது, இன்வெர்ட்டரின் மின்னணுச் சுவிட்சுகளைச் செய்யப் பயன்படும் சிலிக்கான் கார்பைடு என்ற குறைக்கடத்தி. பெருமளவில் விற்பனையான கார்களில் 2017இல் வெளிவந்த டெஸ்லா மாடல் 3 இதை முதன்மை இன்வெர்ட்டருக்குக் கொண்டுவந்தது. சிலிக்கானைவிட ஏறத்தாழ பத்து மடங்கு மின்புலத்தைத் தாங்கும் பொருள் என்பதால் அதே வோல்ட்டேஜுக்கு மெல்லிய அடுக்கு போதும், மின்தடை குறையும். வெப்பத்தையும் சிலிக்கானைப்போல் சுமார் மூன்று மடங்கு நன்றாகக் கடத்தும். பழைய ஐ.ஜி.பி.டி. என்ற சிலிக்கான் சுவிட்சை அணைத்த பிறகும் மின்னோட்டம் சிறிது நேரம் வால்போல் நீளும். சிலிக்கான் கார்பைடில் செய்த மாஸ்ஃபெட் வகைச் சுவிட்சில் அந்த வால் இல்லை. எனவே மிக வேகமாகத் திறந்து மூடலாம்.

வேகம் கூடியதும் மற்ற பாகங்களுக்குத் தொல்லை தொடங்குகிறது. செய்திகளில் இந்தப் பகுதி வந்ததே இல்லை என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறோம். சுவிட்சுக்கும் கெப்பாசிட்டருக்கும் இடையே உள்ள செம்புப் பட்டைகளில் வேண்டாத தூண்டம் (மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் தன்மை) எப்போதும் இருக்கும். அது வெறும் 20 நானோ ஹென்றி என்றாலும், மின்னோட்டம் ஒரு நானோ விநாடிக்கு 5 ஆம்பியர் வீதம் மாறினால் 100 வோல்ட் கூடுதலாக எகிறும். 800 வோல்ட் பேட்டரியில் 1200 வோல்ட் தாங்கும் சுவிட்சைப் போடுவது இந்த எகிறலுக்கும் இடம் விட்டுத்தான். பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக, நடுவே மெல்லிய இன்சுலேஷன் தாள் வைத்து அடுக்கினால் தூண்டம் குறையும். இணைப்புப் போல்ட்டை இரண்டு சென்டிமீட்டர் தள்ளி வைத்தாலே அது மறுபடி ஏறிவிடும்.

மோட்டார் முனையில் வேறு வகைத் தொல்லை. வேகமான விளிம்புள்ள துடிப்பு நீளமான கேபிள் வழியே போய் மோட்டாரில் முட்டித் திரும்பும்போது அங்கே வோல்ட்டேஜ் இரு மடங்குவரை போகலாம். மோட்டார் வைண்டிங்கின் முதல் சில சுற்றுகளின் இன்சுலேஷன்தான் அந்த அடியை வாங்கும். கம்பியின் எனாமல் பூச்சுக்குள் சிக்கிய காற்றுக் குமிழில் நுண்ணிய மின்பொறிகள் தோன்றி அதை அரித்துக்கொண்டே வரும். பல மாதங்கள் கழித்து ஒருநாள் வைண்டிங் போய்விடும். அன்றைக்குப் பழி வைண்டிங் கட்டியவர் மேல் விழும். இன்வெர்ட்டரை மோட்டாரோடு ஒட்டிவைத்துக் கேபிளைக் குறைப்பது, துடிப்பின் விளிம்பை மழுக்கும் வடிகட்டி போடுவது, மின்பொறியைத் தாங்கும் எனாமல் கம்பி வாங்குவது ஆகியவை இதற்கு வழிகள். முதல் வழிதான் மலிவு.

பேரிங்கையும் இது விடாது. மூன்று கட்டங்களின் (ஃபேஸ்) கூட்டு வோல்ட்டேஜ் சுழியமாக இல்லாததால் தண்டில் ஒரு மின்னழுத்தம் தேங்கும். பேரிங்கின் உள்ளே உள்ள கிரீஸ் படலம் மைக்ரோமீட்டர் கணக்கில்தான் இருக்கும். அது தாங்காமல் உடையும்போது குண்டுக்கும் வளையத்துக்கும் நடுவே பொறி பறக்கும். வளையத்தில் வரிவரியாகக் குழி விழுந்து, வண்டி ஒரு குறிப்பிட்ட வேகத்தில் முனக ஆரம்பிக்கும். பேரிங்கை மட்டும் மாற்றினால் சில மாதங்களில் அதே முனகல் திரும்ப வரும். தண்டைத் தரையோடு இணைக்கும் கார்பன் நார் வளையம் அல்லது பீங்கான் குண்டு பேரிங் போட்டால்தான் நோய் தீரும். பழுது பார்க்கிறவர்கள் கழற்றிய பேரிங்கை எறிந்துவிடாமல் வளையத்தை வெட்டிப் பார்ப்பது நல்லது. வரிவரியாகக் குழிகள் சம இடைவெளியில் இருந்தால் கிரீஸ் குறைவை விட்டுவிட்டு மின்சாரத்தைத் தேட வேண்டும்.

பாதுகாப்புக்கும் நேரம் சுருங்கிவிட்டது. ஷார்ட் ஆனால் ஐ.ஜி.பி.டி. பொதுவாகப் பத்து மைக்ரோ விநாடி பொறுக்கும்; சிலிக்கான் கார்பைடு இரண்டு மூன்று மைக்ரோ விநாடிக்குமேல் பொறுப்பதில்லை. சுவிட்சை இயக்கும் பழைய சுற்றை அப்படியே வைத்துக்கொண்டு சுவிட்சை மட்டும் மாற்றுகிறவர்கள் முதல் சோதனையிலேயே சுவிட்சை இழப்பது இதனால்தான்.

‘ஒரு லிட்டருக்கு இத்தனை கிலோவாட்’ என்ற எண்ணும் இப்போது நிறைய வருகிறது. அமெரிக்க எரிசக்தித் துறை 2025க்கு வைத்த இலக்கு, மின்னணுப் பகுதிக்கு லிட்டருக்கு 100 கிலோவாட், மோட்டாருக்கு 50 கிலோவாட், இரண்டும் சேர்ந்த அமைப்புக்கு 33 கிலோவாட். இவையும் உச்சத் திறனுக்கான எண்கள்தான். எதையெல்லாம் அந்த லிட்டருக்குள் சேர்த்தார்கள் என்பதைக் கேட்க வேண்டும். சுவிட்ச் மாட்யூலை மட்டும் அளந்து பெரிய எண் காட்டுவது எளிது. பாலிப்ரோப்பிலீன் படலக் கெப்பாசிட்டர்தான் பெரும்பாலும் பெட்டியில் அதிக இடத்தை அடைக்கும். 105 டிகிரிக்குமேல் அதற்குக் கஷ்டம் என்பதால் 175 டிகிரி தாங்கும் சுவிட்சின் பக்கத்தில் வைத்துப் பலனில்லை. கெப்பாசிட்டரும் இணைப்பான்களும் கூலன்ட் குழாயும் கணக்கில் வந்தனவா, கூலன்ட் எத்தனை டிகிரியில் உள்ளே நுழைந்தது? 25 டிகிரி நீரில் கிடைத்த எண், 65 டிகிரி கூலன்ட்டில் கிடைக்காது.

மோட்டாருக்கு ஒரே கேள்வி: எத்தனை விநாடிக்கு? ‘150 கிலோவாட் மோட்டார்’ என்பது பல நேரம் 10 அல்லது 30 விநாடிக்கான எண். தொடர்ந்து ஓடினால் அதில் பாதி கிடைத்தாலே நல்ல மோட்டார்தான். முறுக்குவிசை ஏறத்தாழ மின்னோட்டத்தைப் பின்தொடரும், செம்பில் பிறக்கும் வெப்பமோ மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பின்தொடரும். இரண்டு மடங்கு முறுக்குவிசை கேட்டால் நான்கு மடங்கு சூடு. ‘எச்’ வகை இன்சுலேஷன் 180 டிகிரிவரை தாங்கும். அதற்குமேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும் என்பது பழைய கட்டைவிரல் விதி. முழுச் சுமையோடு நீண்ட மலைப்பாதை ஏறும் பேருந்துக்கும் சரக்கு வண்டிக்கும் தேவைப்படுவது தொடர்ந்து கிடைக்கும் திறனின் எண். உச்ச எண்ணை நம்பி மோட்டார் தேர்ந்தெடுத்தால் பாதி மேட்டில் கட்டுப்பாட்டுப் பெட்டி திறனைக் குறைத்துவிடும்.

காந்தம் இன்னொரு நிபந்தனையைக் கொண்டுவருகிறது. நியோடிமியம்-இரும்பு-போரான் காந்தம் 1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாட்டோ சகாவாவும் அமெரிக்காவில் ஜான் குரோட்டும் தனித்தனியே அறிவித்தது. ஒரு டிகிரி சூடேறினால் அதன் வலுவில் சுமார் 0.11 சதவீதம் குறையும். 20இலிருந்து 120 டிகிரிக்குப் போனால் பத்திலொரு பங்குக்குமேல் போய்விடும். ஆறினால் இது திரும்பி வந்துவிடும். ஆனால் சூடாக இருக்கும்போதே அதிவேகத்தில் காந்தப் புலத்தை எதிர்க்கும் மின்னோட்டத்தையும் அளவுக்குமேல் செலுத்தினால் ஒரு பகுதி நிரந்தரமாகக் காந்தத்தன்மை இழக்கும், ஆறினாலும் மீளாது. அதைத் தடுக்கத்தான் அரிதும் விலையுயர்ந்ததுமான டிஸ்புரோசியம் சேர்க்கிறார்கள். மலிவான ஃபெரைட் காந்தத்தில் நேர்மாறு: அதற்கு ஆபத்து குளிரில். ஃபெரைட் மோட்டாரைச் சூட்டில் மட்டும் சோதித்து ‘நிலைத்தன்மை உறுதியானது’ என்று எழுதினால் கேட்க வேண்டிய கேள்வி கேட்கப்படவில்லை என்று பொருள்.

‘அரிய மண் உலோகம் இல்லாத மோட்டார்’ என்ற தலைப்பு வந்தால் பெரும்பாலும் அது சுவிட்ச்டு ரிலக்டன்ஸ் மோட்டாராக இருக்கும், அல்லது ரோட்டாரில் (மோட்டாரின் சுழலும் பகுதி) சுருள் சுற்றியதாக இருக்கும். முன்னதில் காந்தமும் இல்லை, ரோட்டாரில் சுருளும் இல்லை. அடுக்கிய எஃகுத் தகடுகள் மட்டுமே. கேட்கக் கவர்ச்சியான யோசனைதான். ஆனால் பற்கள் ஒவ்வொன்றாக இழுபடுவதால் முறுக்குவிசை ஏறியிறங்கும், சுழலாத வெளிப்பகுதியான ஸ்டேட்டர் அதிர்ந்து இரையும். காற்று இடைவெளியை அரை மில்லிமீட்டர் அளவில் வைக்க வேண்டியிருப்பதால் பேரிங் சற்றுத் தேய்ந்து ரோட்டார் ஒருபக்கம் சாய்ந்தாலும் இரைச்சல் கூடும். வழக்கமான மூன்று கட்ட இன்வெர்ட்டர் மாட்யூலும் இதற்குப் பொருந்தாது. ஒவ்வொரு கட்டத்துக்கும் தனிப் பாலம் வேண்டும். ஆய்வாளர் இரைச்சலை அளந்தாரா, எந்த இன்வெர்ட்டரோடு அளந்தார் என்ற இரண்டும் செய்தியில் இருந்தால் போதும்.

எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். கார்களின் ஓட்டத் தூரத்தை அளக்கும் டபிள்யு.எல்.டி.பி. என்ற சர்வதேசச் சோதனை 30 நிமிடம், 23 கிலோமீட்டர் சொச்சம், சராசரி வேகம் மணிக்கு 46.5 கிலோமீட்டர். அந்த எண்ணை நெடுஞ்சாலையில் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். 1800 கிலோ எடையும், காற்றெதிர்ப்புக் கெழுவை முகப்புப் பரப்பால் பெருக்கினால் 0.6 சதுர மீட்டரும் உள்ள காருக்கு 100 கிலோமீட்டர் தூரத்துக்குச் சக்கரத்தில் தேவைப்படுவது, மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் 12.6 யூனிட், 120இல் 16 யூனிட். வேகம் ஐந்தில் ஒரு பங்கு கூடியதற்கு ஆற்றல் நான்கில் ஒரு பங்குக்குமேல் கூடிவிட்டது. பிரேக் பிடிக்கும்போது மின்சாரம் திரும்புகிறது என்பதும் உண்மைதான். ஆனால் அதே கார் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்கும்போது மொத்த இயக்க ஆற்றலே 0.07 யூனிட். பேட்டரி நிரம்பியிருந்தாலோ குளிர்ந்திருந்தாலோ அதிலும் பெரும்பகுதி பிரேக் தகட்டில்தான் வெப்பமாகும்.

மின்கட்டமைப்பு பற்றிய ஆய்வுகளில் ‘இருக்கிற வலையமைப்பே போதும்’, ‘வலையமைப்பு தாங்காது’ என்ற இரண்டு முடிவும் வரும். இரண்டுமே சரியாக இருக்கலாம். 230 வோல்ட்டில் 32 ஆம்பியர் என்றால் 7.4 கிலோவாட். ஒரு 100 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மரின் கீழ் பத்து வண்டிகள் ஒரே நேரத்தில் ஏற்றினால் 74 கிலோவாட், வீடுகளின் வழக்கமான சுமைக்கு மேல். எத்தனை வண்டிகள் ஒரே நேரத்தில் ஏற்றும் என்று ஆய்வாளர் எடுத்துக்கொண்டார் என்பதில்தான் முடிவே அடங்கியிருக்கிறது. இரவுக் கட்டணம் குறைவு என்று அறிவித்தால் எல்லா வண்டியும் அந்த மணி அடித்ததும் தொடங்கி, இல்லாத உச்சத்தைப் புதிதாக உண்டாக்கும். தொடக்கத்தைச் சில நிமிடங்கள் தாறுமாறாகத் தள்ளிவைத்தால் அது கரைந்துவிடும். டிரான்ஸ்ஃபார்மருக்கோ பகலில் ஏறிய சூடு ஆற இரவுதான் நேரம். சாதாரணக் காகித இன்சுலேஷனுக்குச் சுருளின் மிகச் சூடான புள்ளி 98 டிகிரி என்பது இயல்பான அளவு. அதற்குமேல் ஒவ்வொரு 6 டிகிரிக்கும் முதுமை இரட்டிப்பு வேகத்தில் வரும். சராசரிச் சுமையை மட்டும் பார்த்து ‘போதும்’ என்று சொன்ன ஆய்வில் இந்த வெப்பக் கணக்கு இருந்ததா என்று பாருங்கள்.

வண்டியிலிருந்து மின்கட்டமைப்புக்கு மின்சாரத்தைத் திருப்பித் தரும் ஏற்பாட்டுக்கான தொடர்பு விதிகள் 2022இல் ஐ.எஸ்.ஓ. 15118-20 தரத்தில் வந்துவிட்டன. செய்திகளில் விடுபடுவது குறைந்த சுமையில் நடப்பது. சார்ஜரின் நிலையான இழப்பு 200 வாட் என்றால், 7 கிலோவாட்டில் அது கண்ணில் படாது. இரவெல்லாம் 1 கிலோவாட் வீதம் தந்தால் ஐந்தில் ஒரு பங்கை அதுவே தின்றுவிடும்.

கடைசியாக வீட்டுச் சாக்கெட். ஆராய்ச்சி மேசையில் ஓரம்கட்டப்பட்டாலும் தீப்பிடிக்கும் ஆபத்து இங்கே உண்டு. வேறு எந்த வீட்டுச் சாதனமும் 15 ஆம்பியரை எட்டு மணி நேரம் விடாமல் இழுப்பதில்லை. பிளக்கின் முள்ளும் சாக்கெட்டின் கவ்வியும் இறுக்கமாக இருந்து தொடுதடை ஒரு மில்லி ஓம் என்றால் வெப்பம் 0.2 வாட். கவ்வி தளர்ந்து அது 50 மில்லி ஓம் ஆனால் 11 வாட். அந்தச் சிறிய பிளாஸ்டிக் கூட்டுக்குள் அதற்குப் போக வழியில்லை. சூடேறியதும் கவ்வி இன்னும் தளரும், ஆக்ஸைடு படியும், தடை மேலும் ஏறும். சர்க்யூட் பிரேக்கர் இதைக் கண்டுகொள்ளாது, ஏனெனில் மின்னோட்டம் அளவுக்குள்தான் இருக்கிறது. சார்ஜ் ஏறத் தொடங்கி அரைமணி கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பார்த்துக் கை பொறுக்காத சூடு இருந்தால் சாக்கெட்டை மாற்ற வேண்டும். அதுவரை வண்டியின் அமைப்பில் மின்னோட்டத்தை 10 ஆம்பியராகக் குறைத்தால் வெப்பம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். மற்ற எதையும் மாட்டாத தனி லைனும், பிளக்கே இல்லாமல் நேரடியாக இணைத்த சார்ஜ் பெட்டியும்தான் சரியான ஏற்பாடு. அந்தப் பெட்டி ஒரு கிலோ ஹெர்ட்ஸ் துடிப்பின் அகலத்தால் வண்டிக்கு எல்லையைச் சொல்லும்: 26.7 சதவீத அகலம் என்றால் 16 ஆம்பியர், 53.3 என்றால் 32. நிறுவும்போது உள்ளே இருக்கும் தேர்வுச் சுவிட்சை லைனின் கம்பிக்கு ஏற்ப வைக்காவிட்டால் 16 ஆம்பியர் கம்பியில் வண்டி 32 ஆம்பியர் இழுக்கும்.

எர்த் கசிவைக் காட்டும் பிரேக்கரிலும் வகை பார்த்து வாங்க வேண்டும். வண்டியின் உள்ளே இருந்து 6 மில்லி ஆம்பியருக்குமேல் நேர்மின்னோட்டம் கசிந்தால் சாதாரண வகைப் பிரேக்கரின் உள்மையம் காந்தத்தால் நிறைந்துவிடும். பிறகு உண்மையிலேயே யாராவது மின்கம்பியைத் தொட்டாலும் அது துண்டிக்காமல் போகலாம். ‘பி’ வகைப் பிரேக்கர், அல்லது 6 மில்லி ஆம்பியர் நேர்மின்கசிவைக் கண்டறியும் சார்ஜ் பெட்டியோடு ‘ஏ’ வகைப் பிரேக்கர், இந்த இரண்டில் ஒன்று வேண்டும். மலிவான புதிய சார்ஜர் கண்டுபிடிப்பு என்று செய்தி வரும்போது அந்த மலிவு இந்தப் பாகத்தை விட்டதால் வந்ததா என்று உங்கள் செய்தியாளர் ஒரு வரி கேட்டு எழுதினால் போதும்.

இப்படிக்கு,
மின்பொறியியல் ஆசிரியர்கள் சிலர்